கெல்வாருக்குக் குரல் கொடுத்தவன்

கண்டக்டர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி, அந்தப் படத்தை நிறுத்தச் சொல்லி. செங்கல்பட்டு தாண்டுனதுலேர்ந்து நான் மூணு தடவை சொல்லிட்டேன். என் குரல் அவர் காதுக்கே போகல. காதுல விழுந்த ஒரு தடவையும், "பெரியவரே, எல்லாரும் பாக்குறாங்கல்ல"ன்னுட்டுப் போயிட்டார். யார் பாக்குறா? முன் சீட்டு அம்மா தூங்குது. பின்னாடி நாலு பேரும் போனைப் பாக்குறானுங்க. இந்த பஸ்ஸுலயே படம் பாக்குறது நான் ஒருத்தன்தான். அதுவும் பிடிக்காமப் பாக்குறேன்.

உக்காருங்க, பையை மேல வைங்க. விழுப்புரத்துல ஏறினீங்களா? நெய்வேலியா? நானும் நெய்வேலிதான், மச்சான் வீட்டுக்கு. விசேஷம் ஒண்ணும் இல்ல. வாயை மூடிக்கிட்டு இருக்கப் போறேன். நெசமாத்தான் தம்பி. டாக்டர் ஒரு மாசம் பேசவே கூடாதுன்னுட்டார். மெட்ராஸ்ல இருந்தா எவன்கிட்டயாவது வாயைக் குடுப்பேன்னு சுகந்தி, என் சம்சாரம், பஸ் ஏத்தி விட்டுட்டா. இப்ப நான் பேசுறது பேச்சுல சேராது. இது முணுமுணுப்பு. முணுமுணுக்குறது அதை விடக் கெடுதல்னு டாக்டர் சொன்னதா சுகந்தி சொல்றா. நானும் அங்கதான் இருந்தேன், எனக்கு ஞாபகம் இல்ல.

சவுண்டைப் பாருங்க, சுத்தமா இல்ல. பொம்மை அசையுது, அவ்வளவுதான். எவனோ தியேட்டருக்குள்ள உக்காந்து கேமராவுல எடுத்த திருட்டு பிரிண்ட். அதோ, திரைக்குக் குறுக்கால ஒருத்தன் பாப்கார்னோட போறான் பாருங்க. உழைச்சவன் வயித்துல அடிக்கிறது. ஆனா இந்தப் படத்துக்கு இது போதும். இதுக்கு நல்ல பிரிண்ட் ஒண்ணுதான் கேடு.

என்ன படமா? 'சாம்பல் கிரகம்' தெரியுமில்ல? மூணு பாகம் வந்துச்சே, வெளிநாட்டுப் படம், தமிழ்ல டப் பண்ணது? அதேதான். சின்ன வயசுல பார்த்தீங்களா? அப்ப கெல்வாரைத் தெரியும் உங்களுக்கு.

கெல்வார் எப்படிப் பேசுவான், சொல்லுங்க பாப்போம்.

ஆங்! "என்னைக் கேட்டுட்டு மூச்சு விடு." பாருங்க, இத்தனை வருஷம் கழிச்சும் நாக்கு நுனியில நிக்குது. அந்த வசனம் இங்கிலீஷ்ல கிடையாது தம்பி. இங்கிலீஷ்ல சும்மா "கீழ்ப்படி"ன்னு ஒரு சொத்தை வார்த்தை. அந்தக் கிரகத்துல காத்து கிடையாது, குழாயில வர்ற காத்துதான், அந்தக் குழாயோட சாவி கெல்வார்கிட்ட இருக்கு. அப்படிப்பட்டவன் கீழ்ப்படின்னா சொல்லுவான்? நான்தான் மைக் முன்னாடி நின்னு, "என்னைக் கேட்டுட்டு மூச்சு விடு"ன்னேன். ஸ்டுடியோவே ஒரு நிமிஷம் அசந்து போச்சு. அப்புறம் ஆட்டோ பின்னாடியெல்லாம் எழுதி வச்சானுங்க.

ஆமா தம்பி. நான்தான். தில்லைநாதன். மூணு பாகத்துலயும் கெல்வார் நான்தான்.

நம்ப மாட்டீங்க. எனக்குத் தெரியும். உங்க முகத்துலயே தெரியுது. பேசிக் காட்டுங்கன்னு கேக்குறீங்க, கேக்க வேண்டியதுதான். இந்தத் தொண்டையை வச்சுக்கிட்டு எதைப் பேசிக் காட்டுறது? பிஞ்சுபோன தப்பட்டை மாதிரி இருக்கு. ஆனா இது என் குரல் இல்ல. இதை வச்சு என்னை எடை போடாதீங்க. இந்தப் படத்தாலதான் என் தொண்டை போச்சு. அதைத்தான் சொல்ல வர்றேன்.

கெல்வாருக்கு உடம்பே கிடையாது, கவனிச்சிருப்பீங்க. ஒரு கோபுரம். அதுலேர்ந்து வர்ற குரல். அவ்வளவுதான் கெல்வார். மத்த வில்லனுக்கெல்லாம் மூஞ்சி இருக்கும், முறைப்பு இருக்கும், சண்டை இருக்கும். கெல்வாருக்குக் குரலைத் தவிர ஒண்ணும் இல்ல. அப்ப தமிழ்நாட்டுல கெல்வார் யாரு? நான்தானே? நான் பெருமைக்குச் சொல்லல, கணக்குப் போட்டுப் பாருங்க.

இப்ப என்ன பண்ணாங்கன்னா, பத்து வருஷம் கழிச்சு ஒரு படம் எடுத்தானுங்க. 'சாம்பல் கிரகம்: ஆதி'. கெல்வார் கெல்வார் ஆகுறதுக்கு முன்னாடி யாரா இருந்தான், அதுதான் கதை. எவன் கேட்டான் இதை? ராத்திரி சோறு சாப்பிடுறவன், நெல்லு எந்த வயல்ல விளைஞ்சதுன்னு கேட்டானா? இவனுங்களா உக்காந்து யோசிச்சு, கெல்வாருக்கு இருபத்தஞ்சு வயசு, ஒரு மூஞ்சி, ஒரு அம்மா, ஒரு காதலின்னு குடுத்துட்டானுங்க. காத்துக் குழாய் ரிப்பேர் பாக்குற மெக்கானிக்காம். அதோ அந்தச் சுருட்டை முடிக்காரன்தான். பாருங்க, அழுறான். கெல்வார் அழுறான் தம்பி!

அந்தச் சுருட்டைக்கு யார் குரல்னு நினைக்கிறீங்க? எஃப்.எம்.ல காலையில "வணக்கம் மக்களே"ன்னு கத்துவானே நிகில்னு ஒருத்தன், அவன்.

எனக்கு யாரும் சொல்லல. டிரெய்லர் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். உடனே பெனிட்டோவுக்குப் போன் போட்டேன். பெனிட்டோ அந்த ஸ்டுடியோவுல சவுண்ட் என்ஜினியர். மூணு பாகமும் என் குரலைப் பிடிச்சவன் அவன்தான். தூத்துக்குடிக்காரன், தங்கமான பையன்னு அது வரைக்கும் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

"என்னடா, கெல்வாருக்கு வேற ஆளாமே?"ன்னேன்.

"அண்ணே, இது சின்னப் பையனைப் பத்தின படம். உங்க குரல் எப்படிண்ணே ஒட்டும்?"

"நான் முப்பது வயசைக் குறைச்சுப் பேசுவேன்டா. நீ மைக்கைப் போடு."

அவன் குரலைத் தாழ்த்திக்கிட்டான். அப்புறம், "அண்ணே, எழுதிக் குடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கோம், வெளிய எதுவும் சொல்லக் கூடாது. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். கடைசி வரைக்கும் உக்காந்து பாருங்க. நடுவுல எழுந்து போயிடாதீங்க"ன்னான்.

இதுக்கு என்ன அர்த்தம், நீங்களே சொல்லுங்க. என் சோத்துல மண்ணைப் போட்டதும் இல்லாம, அதை ஒரு கவளம் விடாமச் சாப்பிடணும்கிறான். எனக்கு அப்படித்தான் பட்டுச்சு. யாரா இருந்தாலும் அப்படித்தான் படும்.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். ஜனங்க தீர்ப்புச் சொல்லட்டும். தீர்ப்பு சொல்றதுக்கு ஜனங்களுக்குக் கொஞ்சம் ஒத்தாசை வேணும், அதை நாம செய்வோம்.

குரூப் வாய்ஸ்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? படத்துல சந்தை வருது, கலவரம் வருது, கோயில் கூட்டம் வருது. அந்த இரைச்சலையும் தமிழ்ல யாராவது பேசணுமில்ல? அதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க. ஆறு பேர் வருவாங்க. ஒருத்தர் மைக் பக்கத்துல, ரெண்டு பேர் நடுவுல, மத்தவங்க கதவோரம். ஆளுக்கொரு காய்கறி பேரைச் சொல்லிக் கத்துவாங்க. கத்திரிக்காய், சொரக்காய், சேனைக்கிழங்குன்னு ஆறு பேரும் ஒரே நேரத்துல அடிவயித்துலேர்ந்து கத்துனா, கேக்குறவனுக்கு ஊரே திரண்டு வர்ற மாதிரி இருக்கும். ஆறு பேர் அறுநூறு பேர் ஆயிடுவாங்க. என் முதல் பத்து வருஷம் அதுதான். எனக்குக் கூட்டத்தை நடத்தத் தெரியும்னு அப்புறம் என்னையே முன்னாடி நிக்க வச்சாங்க.

வாயால சொல்ல முடியாது, மைக் ஓடிக்கிட்டு இருக்கும். கைதான். கையை விரிச்சுத் தூக்குனா தயாரா இருங்கன்னு அர்த்தம். இறக்குனா ஆரம்பம். இப்படி மூடிட்டா கட். மூடுன நொடியில ஆறு வாயும் மூடணும், பிசிறு இருக்கக் கூடாது. விரலை என்ன பாக்குறீங்க? அந்தச் சுண்டு விரல் கோணல்தான். ஸ்டுடியோ கதவுல நசுங்குனது. அதனாலயே என் கையை இருட்டுல கூடக் கண்டுபிடிச்சிடுவாங்க நம்ம ஆளுங்க.

எத்திராஜுக்குப் போன் போட்டேன். அவன்தான் இப்ப அந்த குரூப்புக்கு மூத்தவன். "தலைவரே, உங்களை விட்டுட்டு ஒரு கெல்வாரா? வர்றோம்"னான். பத்மாக்காவையும் கூட்டிட்டு வரச் சொன்னேன். பத்மாக்கா குரலை ஒரு இழுப்பு இழுத்தா பூகம்பத்துல வீடு இடியுறதுக்கு ஈடா இருக்கும். எல்லாருக்கும் நானே டிக்கெட் எடுத்தேன். படம் முடிஞ்சு பிரியாணின்னேன். முதல் நாள், முதல் காட்சி, காலையில ஒன்பது மணி. வடபழனி பக்கம் ஒரு தியேட்டர், பேரு எதுக்கு.

ஸ்டுடியோவுல நிக்கிற மாதிரியே உக்கார வச்சேன். எத்திராஜ் நடுவுல, பத்மாக்கா ஓரம், மத்தவங்க பின்னாடி பிரிஞ்சு. நான் மூணாவது வரிசை. சுகந்தி வரல. "நல்லா இருக்குதோ இல்லையோ, பாத்துட்டு வீட்டுக்கு வந்து திட்டுங்க"ன்னா. அவளுக்கு இதெல்லாம் புரியாது.

படம் ஆரம்பிச்சுது. முதல் அரை மணி நேரம் ஜனங்க ஒரு சத்தம் போடல. அப்படியே செத்த மாதிரி உக்காந்திருந்தாங்க. அவ்வளவு அறுவை. அந்தச் சுருட்டை தன் அம்மாவோட காத்துக் குழாயைத் தன் கையாலயே மூட வேண்டி வருது, அப்ப எனக்குப் பக்கத்துல ஒரு பொண்ணு கண்ணைத் தொடைச்சுக்கிட்டே இருந்தா. ஏ.சி. காத்து நேரா மூஞ்சியில அடிக்குது போல, நம்ம தியேட்டருங்க லட்சணம் அப்படி.

நான் கையைத் தூக்கி இறக்குனேன்.

எத்திராஜ் ஆரம்பிச்சான் பாருங்க. "யோவ் ஆபரேட்டரு! மத்தியான சீரியலை மாத்திப் போட்டுட்டியா?" பின்னாடியிலேர்ந்து, "வில்லனுக்கு எதுக்குடா தாலாட்டு?" பத்மாக்கா ஒரு இழுப்பு. முதல்ல ரெண்டு பேர் திரும்பி, "சும்மா இருங்க சார்"னாங்க. அந்தப் பொண்ணு கூட என்னைப் பார்த்தா. ரெண்டாவது தடவை கையை இறக்குனேன். அப்பதான் ஜனங்க விழிச்சுக்கிட்டாங்க. எங்கேர்ந்தோ ஒரு சிரிப்பு. ஒரு விசில். மூணாவது தடவை நான் கையை இறக்கவே இல்ல, தானா வருது! சுருட்டை வாயைத் திறந்தா ஊளை. காதலி வந்தா ஊளை. "மூணாம் பாகத்தைப் போடுய்யா!"ன்னு பால்கனியில ஒருத்தன் எழுந்து கத்துறான். அவன் நம்ம ஆளு இல்ல, சத்தியமா. பொது ஜனம். சும்மா இருங்கன்னு சொன்னவனே சீட்டுல ஏறி நின்னு விசிலடிக்கிறான். இதை நான் பண்ணேன்னு சொல்ல முடியுமா? உள்ளுக்குள்ள இருந்த கோவம் தம்பி, வெளிய வந்துச்சு. நான் கையைத்தான் தூக்குனேன்.

எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லணுமில்ல? கண்ணு கலங்கிடுச்சு. எனக்காக ஒரு தியேட்டரே கத்துதேன்னு நினைச்சேன்.

கடைசியில அந்தச் சுருட்டை கோபுரத்துக்குள்ள போறான். கதவு சாத்துது. கோபுரம் மட்டும் வெள்ளை வெளேர்னு திரை முழுக்க நிக்குது. சரி, கதை முடிஞ்சுது, இனிமே பேரு போடுவான், அதுக்கு முன்னாடி ஒரு பெரிய கலவரம் குடுத்து அனுப்பி வைப்போம்னு எழுந்து நின்னேன். எல்லாருக்கும் தெரியட்டும்னு கையை நல்லா உயரத் தூக்குனேன். திரை கருப்பாச்சு. மூணு செகண்ட், ஒரு சத்தம் இல்ல. இறக்குனேன்.

அப்படி ஒரு சத்தத்தை நான் வாழ்க்கையில கேட்டதில்ல. தியேட்டர் மொத்தமும் எழுந்து நின்னு ஊளை. நானும் கத்துனேன். அதுவரைக்கும் கையோட நின்னவன், அப்ப நானே வாயைத் திறந்தேன். எத்தனை வருஷத்து மூச்சோ, மொத்தமும் வந்துச்சு. தொண்டையில ஏதோ பட்டுனு அறுந்த மாதிரி இருந்துச்சு, நான் நிறுத்தல. பத்மாக்கா மட்டும் நடுவுல நிறுத்திட்டாங்க. வாயை மூடிக்கிட்டு என்னையே பாக்குறாங்க. வயசாயிடுச்சு, மூச்சு வாங்குது போலன்னு நினைச்சேன். பிரியாணிக்கும் வரல அந்தம்மா, தலை வலிக்குதுன்னு போயிட்டாங்க.

வெளிய வந்தா வழக்கம் போல மைக்கை நீட்டுறானுங்க, படம் எப்படி சார்னு. "அந்தக் குரல் இல்லாத கெல்வார், உப்புப் போடாத கருவாடு. நாறும்"னேன். சாயங்காலத்துக்குள்ள ஊர் பூரா அது சுத்துச்சு. கடைசி சீன்ல எழுந்து நின்னு ஊளை விடுறதையும் எவனோ போன்ல எடுத்துப் போட்டுட்டான். அப்புறம் அது ஒரு சடங்காவே ஆயிடுச்சு. சேலத்துல, திருச்சியில, எல்லா ஊர்லயும் அந்த இடத்துல எழுந்து நின்னு கத்தணும்னே டிக்கெட் எடுத்து வந்தானுங்க.

அன்னைக்கு மத்தியானம் பெனிட்டோ போன் பண்ணான்.

"அண்ணே, பார்த்தீங்களா? கடைசி வரைக்கும் இருந்தீங்களா?"

"இருந்தேன்டா. தியேட்டர் அதிர்ந்துச்சு." குரல் கரகரன்னுதான் வந்துச்சு, ஆனா எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"தெரியும்ணே! அதிரும்னு தெரியும்! அந்த மூணு செகண்ட் இருட்டு முடிஞ்சதும் உங்க குரல் வருமில்ல, எனக்கே மிக்ஸிங்ல உடம்பு சிலிர்த்துடுச்சு. முதல் பாகத்துலேர்ந்து எடுத்தேண்ணே, அந்த 'மூச்சு விடு' வசனம், அன்னைக்கு முதல் டேக்குல பேசினீங்களே, அதே டேக். கெல்வார் பிறக்குற இடம்ணே அது. வேற எவன் குரலை அங்க வைக்க முடியும்? அடுத்த பாகம் முழுக்க நீங்கதான். அதைச் சொல்ல முடியாமதான் தவிச்சேன். ஜனங்க என்னண்ணே பண்ணாங்க? எழுந்து நின்னாங்களா?"

"எழுந்து நின்னாங்க"ன்னேன்.

வேற என்ன சொல்றது? நின்னாங்கதானே?

போனை வச்சுட்டு அப்படியே கட்டில்ல உக்காந்தேன் தம்பி. வசனத்துக்கு முன்னாடி மூணு செகண்ட் அமைதி விடணும், அப்பதான் வசனம் நிக்கும்னு புதுசா வர்றவனுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தவன் நான். அந்த மூணு செகண்டைப் பார்த்து, படம் முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டேன். இதுல என் தப்பு எவ்வளவு, நீங்களே நியாயம் சொல்லுங்க. ஒரு வார்த்தை அவன் முன்னாடி சொல்லியிருந்தா? கையெழுத்துப் போட்டானாம், பெரிய ராணுவ ரகசியம். அப்புறம் இந்த ஜனங்க! ஒருத்தன் கத்துனா பின்னாலயே கத்துறதா? நல்ல படமா கெட்ட படமான்னு சொந்தமா யோசிக்க மாட்டானுங்களா?

மறுநாள் தனியாப் போனேன், அந்த ஒரு வரியைக் கேக்க. கத்துனானுங்க. வேற தியேட்டருக்குப் போனேன், அங்கயும் கத்துனானுங்க. எட்டாம் நாள் படத்தையே தூக்கிட்டாங்க. நெட்டுல வந்தப்ப தமிழே போடல, இந்தப் படத்துக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்னு விட்டுட்டானுங்க. ஸ்டுடியோவுல போய்க் கேக்கலாம், பெனிட்டோ போட்டுக் காட்டுவான். அவன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது? நாலு மாசமாச்சு, என் குரலை நான் இன்னும் கேக்கல.

அடுத்த பாகத்துக்கு வர்ற மாசம் இருபதாம் தேதி டப்பிங். குரல் வந்துட்டா நான். வரலைன்னா அந்த வணக்கம் மக்களேதான். அதுக்குத்தான் இந்த ஒரு மாச மௌன விரதம். நாளையிலேர்ந்து கண்டிப்பா இருக்கணும்.

ஏய், அதோ. கோபுரம் கிட்ட வந்துட்டான் சுருட்டை. தம்பி, தம்பி, கண்டக்டரைக் கூப்பிடுங்க. சவுண்டைக் கூட்டச் சொல்லுங்க. ஆமா, நிறுத்தத்தான் சொன்னேன், இப்ப கூட்டச் சொல்றேன். எனக்கு இது தோணவே இல்ல பாருங்க இவ்வளவு நேரம்! திருட்டு பிரிண்ட்டா இருந்தா என்ன, தமிழ் பிரிண்ட்தானே. எந்த ஊர்ல எடுத்தானோ. காலையில முதல் காட்சியில எடுத்திருப்பான், அப்ப இந்தச் சடங்கெல்லாம் எங்க இருந்துச்சு? அமைதியாத்தான் இருக்கும். சார், ஓ கண்டக்டர் சார், முழுசா வைங்க சார், ஒரே ஒரு நிமிஷம்!

ஷ்ஷ். கூட்டிட்டார், பேசாதீங்க இப்ப. கதவு சாத்துறான். கோபுரம். வெள்ளையா இருக்கா? இதுக்கு அப்புறம் கருப்பாகும், மூணு எண்ணணும்.

கீழ என்னமோ நிழல் வருது. எவனோ எழுந்து நிக்கிறான். கையைத் தூக்குறான் சனியன், திரையை மறைச்சுக்கிட்டு.

தம்பி, அந்தச் சுண்டு விரலைப் பாருங்க.

ஐயோ, இறக்காதே. வேணாம்யா, இறக்காதே.

கருப்பாயிடுச்சு. ஒண்ணு. ரெண்டு.

கேக்குதா? அந்தக் கட்டைக் குரல் எத்திராஜ். அந்த இழுப்பு பத்மாக்கா. இதோ, இப்ப பத்மாக்கா நிறுத்திட்டாங்க, பார்த்தீங்களா? அவங்களுக்குக் கேட்டிருக்கு. அவங்க ஒருத்திக்குத்தான் கேட்டிருக்கு. நான் கையை மூடிக்கிட்டுத்தான் இருக்கேன், பாருங்க, இறுக்க மூடியிருக்கேன். ஒருத்தனும் நிறுத்த மாட்டேங்குறான். எனக்கு ஒரு எழுத்து கூடக் காதுல விழல.

என் குரல் எப்படி இருக்கும், பேசிக் காட்டுங்கன்னு கேட்டீங்களே தம்பி. அத்தனை ஊளைக்கும் மேல தனியா ஒண்ணு கேக்குது பாருங்க, அடிவயித்துலேர்ந்து, பிசிறே இல்லாம. அதுதான். அதுதான் என் குரல்.